மூன்று ஏடுகளும் ஒரு சாளரமும்

'லொக் புத்தகம்' என்னும் பெயரை அறியாத ஆசிரியர் நம் நாட்டில் இலர். பாடசாலையில் நிகழும் குறிப்பிடத்தக்க சம்பவங்களை அதிபர் அதன்கண் எழுதி வைப்பர். ஆயினும் அப்பெயர் கடலிலிருந்து கரையேறிய பெயர் என்பதைப் பலர் அறியார். பாய்க்கப்பல் ஓடிய காலத்தில் மாலுமிகள், முடிச்சுகள் இட்ட கயிற்றின் நுனியில் ஒரு மரத்துண்டைக் கட்டிக் கடலில் எறிவர். மணற்கடிகாரம் வடிந்து முடிவதற்குள் எத்தனை முடிச்சுகள் கையைக் கடந்தன என எண்ணிக் கப்பலின் வேகத்தை அறிவர். அம்மரத்துண்டின் பெயரே லொக். வேகத்தைக் குறித்து வைத்த ஏடு லொக் புத்தகமாயிற்று. அது பின்னர்ப் பாடசாலைக்கு வந்தது. இன்று கணினிக்குள்ளும் புகுந்துவிட்டது. கணினியில் இயங்கும் செய்நிரல்கள் தாம் செய்தவற்றையும் தமக்கு நேர்ந்த தடைகளையும் நேரத்தோடு வரிவரியாக ஒரு கோப்பில் எழுதிச் செல்கின்றன. அக்கோப்பினை ஈண்டுப் பதிவேடு என வழங்குவோம்.

தமிழாசிரியர்க்குக் கணினியின் பதிவேட்டில் என்ன வேலை என நண்பர் சிலர் நகைக்கக்கூடும். விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்றுக் கலைச்சொல்லாக்கத்துக்கும் உழைத்த விபுலானந்த அடிகள் பிறந்த நாட்டில் இவ்வினா எழுதல் வேண்டியதில்லை. அன்றியும், பல ஏடுகளை ஒருங்கே விரித்து நோக்குதல் தமிழ் கற்றார்க்குப் பழகிய தொழிலாகும். 1887 இல் கலித்தொகையை அச்சிட்ட சி. வை. தாமோதரம்பிள்ளையும், அதே ஆண்டிற் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ. வே. சாமிநாதையரும் ஓர் ஏட்டை மட்டும் நம்பி அமையவில்லை. ஏடுகள் பலவற்றைத் தேடி ஒப்புநோக்கிய பின்னரே பாடம் இதுவெனத் துணிந்தனர்.

வாவிக்கரையில் வாழ்வோர்க்கும் இது புதிதன்று. வடகீழ்ப் பருவமழை கொட்டுங்கால், பாலமீன்மடு முகத்துவாரத்து மணற்றிட்டை வெட்டுவதா, இன்னும் பொறுப்பதா என்னும் வினா எழும். மேற்கே மழை எவ்வளவு, உன்னிச்சைக் குளம் வான்பாய்கின்றதா, வாவியின் மட்டம் யாது, கடலின் நிலை யாது என்பவற்றை ஒரே வேளையில் நோக்கினாலன்றி விடை கிடையாது. 2011 சனவரி வெள்ளத்தைக் கண்டோர்க்கு இதனை விரித்துரைத்தல் மிகை.

கணினியில் இப்பணிக்கெனக் கருவிகள் உள. யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையிலே 'டெயில்', அதாவது 'வால்' எனப் பெயரிய கட்டளை ஒன்று உண்டு. அது பதிவேட்டின் கடைசிப் பத்து வரிகளைக் காட்டும்; எஃப் என்னும் எழுத்தைச் சேர்த்து ஏவினால், புதிய வரி விழுந்தோறும் தொடர்ந்து காட்டிக்கொண்டேயிருக்கும். ஏடுகள் பலவாயின் 'மல்டிடெயில்' உதவும். இதனை ஆக்கியவர் ஒல்லாந்தர் ஒருவர். 1638 இல் நமது கோட்டையைக் கைப்பற்றிய நாட்டார் பின்னாளில் இவ்வழியாலும் நம்மூர் வந்து சேர்ந்தனர்! மல்டிடெயில் ஒரே சாளரத்தைப் பல பகுதிகளாக்கி ஒவ்வோர் ஏட்டுக்கும் ஓரிடம் தரும். வேண்டின், எல்லாவற்றையும் ஒன்றாய்க் கலந்து, ஏட்டுக்கு ஒரு நிறமிட்டுக் காட்டும். 'எல்நாவ்' என்னும் மற்றொரு கருவியோ வரிகளிலுள்ள நேரத்தைப் படித்து, அவற்றை நேரவொழுங்கில் நிரைப்படுத்தித் தரும்.

இவற்றின் பயனை நாம் கண்டது படுவான்கரைப் பாடசாலை ஒன்றில். ஆங்கு ஆசிரியர்கள் தவணைப் புள்ளிகளைப் பாடசாலை முடிந்தபின், பொதுக் கணினி ஒன்றிற் பதிந்து வந்தனர். ஒரு நாள் இரு வகுப்புகளின் புள்ளிகள் காணாமற்போயின. பதிந்த ஆசிரியர்களோ, "பதியப்பட்டது" என்னும் செய்தியைத் தம் கண்ணாற் கண்டதாகக் கூறினர். தரவுத்தளத்தின் பதிவேட்டைப் புரட்டியபோது, 08:38 மணியளவில் "வன்தட்டில் இடமில்லை" என்னும் வரிகள் சில காணப்பட்டன. அன்று காலை அந்நேரத்தில் அக்கணினியில் இருந்தவர் இளம் ஆசிரியர் ஒருவர். அவர் பெருங்கோப்புகளை ஏற்றி இடத்தை நிரப்பிப் பின்னர் அழித்தார் என்றும், புள்ளிகளும் அவ்வழியே அழிந்தன என்றும் பேச்சு எழுந்தது. பேச்சு ஆசிரியர் அறையிலிருந்து ஊருக்குள்ளும் சென்றது. பிள்ளைகளின் நிலை ஒருபுறம். ஒருவரது மானம் மறுபுறம்.

ஆராயுமாறு கேட்கப்பட்ட நாம், எம்மிடம் முன்னர்த் தமிழ் படித்துக் கணினித் துறையிற் பணிபுரியும் மாணவர் ஒருவரை அழைத்துச் சென்றோம். அவர் மூன்று ஏடுகளை எடுத்தார். முதலாவது, வலைச் சேவையகத்தின் ஏடு. புள்ளிகள் 14:06 முதல் 14:20 வரை குறைவின்றி ஏற்கப்பட்டதாக அது கூறியது. இரண்டாவது, நாளாந்தம் பிரதியெடுக்கும் செய்நிரலின் ஏடு. 14:00 மணிக்குத் தொடங்கிய வேலை 14:21 இல் இனிதே முடிந்ததாக அது கூறியது. மூன்றாவது, முற்கூறிய தரவுத்தள ஏடு. தனித்தனியே பார்க்கின் இரண்டு ஏடுகள் குறையேதும் அறியா. மூன்றாவது இளைஞரைச் சுட்டுகின்றது.

"சேர், வரியின் ஓரத்தைப் பாருங்கள்" என்றார் எம் மாணவர். முதலிரு ஏடுகளில் நேரத்தின் பின்னே ஐந்தரை மணி முற்பட்டது என்னும் இலங்கைக் குறி இருந்தது. தரவுத்தள ஏட்டிலோ உலகப் பொது நேரத்தின் குறி இருந்தது. 08:38 உடன் ஐந்தரை மணியைக் கூட்டினால் 14:08! இளைஞர் கணினியைத் தொட்டது காலையில். தடை நேர்ந்தது பிற்பகலில்.

மறுநாள் இரண்டு மணிக்கு அதிபரும் ஆசிரியர்களும் சூழ்ந்து நிற்க, மூன்று ஏடுகளும் ஒரே சாளரத்தில் விரிக்கப்பட்டன. பிரதியெடுக்கும் செய்நிரல் தன் தற்காலிகக் கோப்பை அதே வன்தட்டில் எழுதத் தொடங்கியது, வன்தட்டு நிறைந்தது. அவ்வேளை சோதனைக்காக ஒரு புள்ளியைப் பதிந்தோம். மேற்பகுதியில் "ஏற்கப்பட்டது" என்னும் வரியும், கீழ்ப்பகுதியில் "இடமில்லை" என்னும் வரியும் ஒரே கணத்தில் விழுந்தன. புள்ளிச் செய்நிரல் தரவுத்தளத்தின் மறுப்பைக் கவனியாது "பதியப்பட்டது" என உரைத்து வந்தமை அப்பொழுது தெளிவாயிற்று. பிரதி முடிந்து தற்காலிகக் கோப்பு நீங்கியதும் தடயமின்றி யாவும் சீராயின. எவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. பின்னர் அதிபர் எழுந்து சென்று அவ்விளைஞரின் கையைப் பற்றிக்கொண்டார். பிரதி வேறு வன்தட்டுக்கு மாற்றப்பட்டது, செய்நிரல் திருத்தப்பட்டது, புள்ளிகள் ஆசிரியர்களது ஏடுகளிலிருந்து மீளப் பதியப்பட்டன.

இத்தொழிலில் இறங்கும் இளைஞர் மூன்று செய்திகளை மனத்திருத்துக. முதலாவது, கடிகாரங்கள் ஒத்திருத்தல் வேண்டும். நம் நாட்டின் நேரமே 1996 இல் முன்தள்ளப்பட்டு, 2006 ஏப்பிரல் 15 ஆம் திகதி மீண்டும் ஐந்தரை மணிக் கணக்குக்குத் திரும்பியது. அக்காலத்து ஏடுகளைப் படிப்போர் இதனை மறத்தலாகாது. கணினிகளின் கடிகாரங்களை வலையமைப்பு வழியே ஒத்திசைக்கும் முறையொன்றை டேவிட் மில்ஸ் என்னும் அறிஞர் 1985 இல் வெளியிட்டார். அது திருத்தங்களோடு இன்றும் வழக்கிலுள்ளது. இரண்டாவது, எல்லா வரிகளையும் கொட்டிக் குவித்தல் கண்ணைக் கட்டுதற்கு ஒப்பாகும். எரிக் ஓல்மன் 1980களில் ஆக்கிய சிஸ்லொக் முறையில், பேராபத்து முதல் சிறு குறிப்பு ஈறாக எட்டுப் படிகள் உள. வேண்டிய படியை மட்டும் வடித்தெடுத்தல் நன்று. மூன்றாவது, ஏடுகளில் யார் எப்பொழுது எதனைச் செய்தார் என்பதும் உண்டு. காரணத்தை அறியவே அவற்றைத் திறத்தல் வேண்டும். அயலாரை வேவு பார்ப்பதற்கன்று.

மூன்று ஏடுகளில் ஒன்றேனும் தான் அறியாததை எழுதவில்லை என்பதை நோக்குக. ஒவ்வொன்றும் தன் முன் நிகழ்ந்ததையே எழுதியது. அவற்றுள் ஒன்றை மட்டும் படித்தவரிடமே பிழை பிறந்தது. ஒருவர்மேற் பழி சொல்லுமுன், ஏனைய ஏடுகளையும் அதே கடிகாரத்தின்கீழ் விரித்துப் பார்க்கும் பொறுமை நமக்கு வேண்டும். நமது கல்லூரி அன்னையின் மைந்தர் எத்துறையிற் புகினும் இப்பொறுமையோடு விளங்குவாராக என இவ்விழாக்காலத்தில் வாழ்த்தி அமைகின்றோம்.