இரண்டாவது ஸ்பீக்கர் யாருக்காக?

அல்லாஹ்வின் திருப்பெயரால்...

வீட்டுக்கு ஒரு பொருளை வாங்குவதா வேண்டாமா என்னும் கேள்வி பெரும்பாலும் கைப்பேசித் திரையில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. கையில் காசிருந்தால் வாங்குகிறோம். இல்லையேல் தள்ளுபடி வரும்வரை காத்திருக்கிறோம். அப்பொருள் வீட்டில் யாருக்குப் பயன்படும் என்னும் கேள்வி கடைசியில்தான் எழுகிறது. சில வேளைகளில் எழுவதே இல்லை. இரண்டாவது புளூடூத் ஸ்பீக்கர் வாங்கலாமா என்று எங்கள் வீட்டில் நடந்த பேச்சு, அந்தக் கேள்வியை முதலில் கேட்க வைத்தது. இதே யோசனையில் இருக்கும் குடும்பங்களுக்கு இன்ஷா அல்லாஹ் பயன்படக்கூடும் என்பதால் அதை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

எங்கள் கூடத்தில் ஏற்கெனவே ஒரு ஸ்பீக்கர் உண்டு. ஸுப்ஹுத் தொழுகைக்குப் பின் யாசீன், வெள்ளிக்கிழமையில் கஹ்ஃப், இஷாவுக்குப் பின் ஏதேனும் ஒரு பயான் என அதற்கு நாள்தோறும் வேலை இருக்கிறது. இடையிடையே இசைக்கருவிகள் இல்லாத நஷீதுகளைப் பிள்ளைகள் கேட்பார்கள். பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் மகன்தான் பேச்செடுத்தான். அதே மாதிரியில் இன்னொன்றை வாங்கி இரண்டையும் இணைத்தால் ஸ்டீரியோ ஒலி கிடைக்கும் என்றான். விலை 8,999 ரூபாய். அதில் பாதியைத் தன் பெருநாள் காசிலிருந்து தருவதாகவும் சொன்னான். "நம்ம வீட்ல அதிகமாக் கேட்கிறது குர்ஆன்தானே வாப்பா, அது இன்னும் நல்லாக் கேட்கட்டுமே" என்ற அவனுடைய வாதத்துக்கு எங்களிடம் உடனடி மறுமொழி இல்லை. ஆகவே, மறுப்பதற்கும் வாங்குவதற்கும் முன்பாக, ஸ்டீரியோ என்றால் என்ன என்பதை அறிந்துகொள்ள முற்பட்டோம்.

ஸ்டீரியோ என்பது சத்தத்தை இரட்டிப்பாக்குவது அன்று. அல்லாஹ் நமக்கு இரண்டு செவிகளைத் தந்திருக்கிறான். வலப்பக்கமிருந்து வரும் ஓசை வலச்செவியைச் சற்று முன்பும் இடச்செவியைச் சற்றுப் பின்பும் அடைகிறது. அந்த இடைவெளி ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. ஆயினும் அந்த நுண்ணிய வேறுபாட்டையும், இரு செவிகளிலும் விழும் ஓசையின் ஏற்றத்தாழ்வையும் கொண்டு, ஓசை வரும் திசையை மூளை கணித்துவிடுகிறது. இந்த ஆற்றலை அடிப்படையாகக் கொண்டு, இடப்பக்க ஓசையையும் வலப்பக்க ஓசையையும் தனித்தனியே பதிவு செய்யும் முறைக்கு ஆலன் புளூம்லீன் என்னும் பிரிட்டிஷ் பொறியாளர் 1931-ஆம் ஆண்டில் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். பலர் சேர்ந்து எழுப்பும் ஓசையில் எந்தக் குரல் எத்திசையில் நிற்கிறது என்பதைக் காட்டுவதே ஸ்டீரியோவின் சிறப்பு.

அப்படியானால், ஒருவர் மட்டும் ஓதும் பதிவில் அது என்ன செய்யும்? எங்கள் வீட்டில் மிகுதியாக ஒலிப்பது எகிப்தின் ஷெய்க் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ அவர்களின் முரத்தல் ஓதல். 1961-இல் வெளிவந்த அந்தப் பதிவு ஒற்றைத் தடப் பதிவு. அதை இரண்டு ஸ்பீக்கர்களில் ஒலிக்கவிட்டால் இரண்டிலும் ஒரே ஓசைதான் வரும். நடுவில் அமர்ந்தவருக்குக் குரல் நடுவிலிருந்து வருவதுபோல் தோன்றும். ஒருபக்கமாக நகர்ந்தால், அருகிலுள்ள ஸ்பீக்கரிலிருந்தே வருவதுபோல் தோன்றும். ஒரே ஒலிவாங்கியின் முன் நின்று ஆற்றப்படும் பயான்களுக்கும் இதே கதைதான்.

ஏட்டறிவோடு நிறுத்திவிடாமல் செய்தும் பார்த்தோம். மகனின் நண்பன் வீட்டில் அதே மாதிரி ஸ்பீக்கர் இருந்தது; இரண்டு நாள்களுக்கு இரவல் வாங்கினோம். இரண்டும் ஒரே மாதிரி என்பதால் எளிதில் இணைந்தன. மாதிரி மாறினால் ஒரே நிறுவனத்தின் ஸ்பீக்கர்கள்கூட ஒன்றோடொன்று இணையாமல் போவதுண்டு என்பதை வாங்க நினைப்போர் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஓதலில் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. நஷீதில் தெரிந்தது. பல குரல்கள் ஒன்றாய்க் குழைந்து கேட்ட இடத்தில், இப்போது ஒரு குரல் இடப்பக்கமும் அதற்கு மறுமொழி சொல்லும் குரல்கள் வலப்பக்கமும் விரிந்து நின்றன. மகன் சொன்னதில் உண்மை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டோம். ஆனால் அந்த இன்பம், இரு ஸ்பீக்கர்களோடும் சேர்ந்து ஒரு சமபக்க முக்கோணம் அமையும்படி அமர்ந்த ஒருவருக்கே முழுமையாகக் கிடைத்தது. எங்கள் வீட்டிலோ ஒருவர் அடுக்களையில் இருப்பார். மகள் உள்ளறையில் பாடம் படிப்பாள். உம்மா சன்னலோர நாற்காலியில் அமர்ந்திருப்பார்கள். அந்த இடத்தில் எந்நேரமும் அமர்ந்திருக்க வீட்டில் எவருமில்லை.

உம்மாவுக்கு வயது 74. இரண்டு ஸ்பீக்கர்களும் ஒலித்துக்கொண்டிருந்தபோது, "வாப்பும்மா, இப்ப நல்லாக் கேட்குதா?" என்று மகன் கேட்டான். "சத்தம் கேட்குது வாப்பா, சொல்லுதான் கேட்கல" என்றார்கள் உம்மா. ஒலியை இன்னும் கூட்டினான். அப்போதும் அதே மறுமொழிதான். யாசீன் மனப்பாடம் என்பதால் அதைத் தொடர முடிகிறது என்றும், பயானில் ஹஜ்ரத்தின் குரல் மட்டுமே வருகிறது, பேச்சு வருவதில்லை என்றும் மெல்லச் சொன்னார்கள். இரண்டாவது ஸ்பீக்கரைப் பற்றிய பேச்சு அத்துடன் வேறு பேச்சாகிவிட்டது.

முதுமையில் செவித்திறன் குறையும்போது பொதுவாக உச்சமான ஓசைகளே முதலில் மறைகின்றன. உயிரொலிகள் தாழ்ந்த ஓசைகளைச் சார்ந்தவை. அவை செவியில் விழுந்துகொண்டே இருக்கும். சொல்லுக்குச் சொல் வேறுபாடு காட்டும் ஸே, ஸீன், ஸாத், ஃபே போன்ற எழுத்துகளின் உரசொலிகள் உச்ச ஓசைகளைச் சார்ந்தவை, அவை மங்கிவிடுகின்றன. ஆகவேதான் சத்தம் கேட்கிறது, சொல் கேட்பதில்லை. ஒலியைக் கூட்டினால் தாழ்ந்த ஓசைகளும் சேர்ந்தே உயர்கின்றன. சுவர்களில் பட்டு எதிரொலிக்கும் ஓசையும் மிகுந்து, சொல்லை மேலும் குழப்புகிறது. தொலைவைக் குறைப்பது இதைவிடப் பயன் தரும். கேட்பவருக்கு அருகில் வைத்தால், சுவரில் பட்டு வரும் ஓசையை மீறி நேரடி ஓசை முந்தி நிற்கும்.

இரவல் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, எங்களுடைய பழைய ஸ்பீக்கரை அலமாரியின் மேலிருந்து இறக்கி, உம்மாவின் கைக்கெட்டும் தொலைவில் ஒரு முக்காலியின் மேல் வைத்தோம். ஒலியை முன்பிருந்ததைவிடப் பாதியாகக் குறைத்தோம். அன்றிரவு பயானில் ஹஜ்ரத் சொன்ன ஒரு நகைச்சுவைக்கு உம்மா எங்களோடு சேர்ந்து சிரித்தார்கள். எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை, தாமே கேட்டுச் சிரித்தார்கள்.

பின்னர் பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தைப் பொருளுணர்ந்து ஓதியபோது, எங்கள் வீட்டுப் பேச்சில் வந்த மூன்று செய்திகளும் அந்த ஒரே அத்தியாயத்தில் இருப்பதைக் கண்டோம். 23, 24-ஆவது வசனங்கள் முதுமையை அடைந்த பெற்றோரைப் பற்றியவை. அவர்களிடம் சலிப்பைக் காட்டும் சிறு சொல்லைக்கூட அவை தடுக்கின்றன. 26-ஆவது வசனம் உறவினர், ஏழை, வழிப்போக்கர் ஆகியோருக்கு உரியதைக் கொடுக்கச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் வீண்விரயத்தை விலக்குகிறது. உரிய இடத்தில் கொடுப்பதையும் உரிமையற்ற இடத்தில் கொட்டாதிருப்பதையும் ஒரே வசனத்தில் இறைவன் இணைத்திருக்கிறான்.

மூன்றாவது செய்தி 110-ஆவது வசனத்தில் வருகிறது. தொழுகையில் குரலை மிக உயர்த்தாமலும் மிகத் தாழ்த்தாமலும் நடுவழியைத் தேடுமாறு அது பணிக்கிறது. இதன் பின்னணியை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் விளக்கியது புகாரீயில் பதிவாகியுள்ளது. மக்காவில் நபி (ஸல்) அவர்கள் மறைவாக இருந்த காலம் அது. குரல் உயர்ந்தால் இணைவைப்போர் கேட்டு ஏசுவார்கள்; மிகவும் தாழ்ந்தால் உடன் தொழும் தோழர்களுக்குக் கேட்காது. கேட்க வேண்டியவர்களுக்குக் கேட்க வேண்டும் என்பதே அங்கே குரலுக்கு வைக்கப்பட்ட அளவு. செலவில் நடுநிலை பேணுவோரைப் புகழும் அல்ஃபுர்கான் அத்தியாயத்தின் 67-ஆவது வசனத்திலும், குரலைப் பற்றிய இவ்வசனத்திலும், இவற்றுக்கு இடையில் என்று பொருள்படும் ஒரே அரபுச் சொற்றொடர் வருகிறது. காசுக்கும் குரலுக்கும் இறைவன் காட்டும் பாதை ஒன்றாகவே இருக்கிறது.

அண்டை வீட்டாரையும் எண்ணிப் பார்த்தோம். எங்கள் கூடத்தின் சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம் வாழ்கிறது. நபி (ஸல்) அவர்கள் இஃதிகாஃபில் இருந்தபோது, பள்ளிவாசலில் சிலர் உரக்க ஓதுவதைக் கேட்டு, ஒவ்வொருவரும் தம் இறைவனோடு உரையாடுவதால் ஒருவருக்கொருவர் தொல்லை தர வேண்டாம் என்று அறிவுறுத்தியதாக அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்களின் அறிவிப்பு அபூதாவூதில் உள்ளது. ஓதுபவர்களுக்கே இந்த வரம்பு என்றால், சுவர் கடந்து ஒலிக்கும் கருவிக்கு எவ்வளவு வரம்பு வேண்டும்!

முடிவெடுக்கும்போது இமாம் ஷாத்திபீ (ரஹ்) போன்ற அறிஞர்கள் வகுத்த மூன்று படிநிலைகள் துணைநின்றன. ளரூரிய்யாத் எனும் இன்றியமையாதவை, ஹாஜிய்யாத் எனும் தேவைகள், தஹ்ஸீனிய்யாத் எனும் அழகுபடுத்துபவை ஆகியனவே அவை. நஷீதை ஸ்டீரியோவில் கேட்பது மூன்றாம் படியில் நிற்கிறது. அது ஆகுமானதுதான், அதைக் கேட்ட மகனைக் கடிந்துகொள்ள எந்தக் காரணமும் இல்லை. ஆனால் உம்மாவின் செவி இரண்டாம் படியில் காத்திருக்கிறது. கீழ்ப்படி நிறையுமுன் மேற்படிக்குச் செலவிடுவது எங்களுக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை. இரண்டாவது ஸ்பீக்கரை வாங்கவில்லை.

காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் உம்மாவை அழைத்துச் சென்றோம். ஆடியோமெட்ரி சோதனையில் இரு செவிகளிலும் உச்ச ஓசைகளைக் கேட்கும் திறன் குறைந்திருப்பது தெரியவந்தது. இரு செவிகளுக்கும் காதுக்கருவி பரிந்துரைத்தார்கள். இரண்டு செவிகளும் சேர்ந்து கேட்டால்தான் திசையும் தெரியும், இரைச்சலுக்கு நடுவே பேச்சும் பிரிந்து விளங்கும் என்றார் மருத்துவர். 8,999 ரூபாய் அதற்குப் போதாது. ஆனால் அந்தத் தொகையை முதல் பங்காக எடுத்துவைத்து மாதந்தோறும் சேர்த்து வருகிறோம். மகனுக்குச் சற்று ஏமாற்றம்தான். அவனுடைய பெருநாள் காசு அவனிடமே இருக்கிறது. நஷீதுக்கு இப்போது அவன் தன் இயர்ஃபோனைப் பயன்படுத்துகிறான். இடமும் வலமும் அதில் தெளிவாகவே பிரிகின்றன.

எல்லா வீடுகளுக்கும் எங்கள் முடிவே பொருந்தும் என்று சொல்லவில்லை. ஒரே இடத்தில் அமர்ந்து பல குரல் பதிவுகளை நிதானமாகக் கேட்பவர் இருந்தால், தேவைகள் நிறைவேறி, வசதியும் இருந்தால், இரண்டாவது ஸ்பீக்கர் அங்கே விரயமாகாது. நீண்ட கூடமுள்ள மத்ரஸாவில், பின்வரிசைப் பிள்ளைகளுக்கு அருகில் இன்னொன்றை வைப்பதும் நல்ல பயன்பாடே. வாங்குமுன் இரண்டு நாள் இரவல் பெற்றுக் கேட்டுப் பாருங்கள். ஸ்பீக்கரின் இடத்தை மாற்றிப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டிலுள்ள முதியவர்களிடம் சத்தம் கேட்கிறதா என்று மட்டும் கேட்காமல், சொல் விளங்குகிறதா என்றும் கேளுங்கள். கேட்கவில்லை என்று சொல்லத் தயங்கி, மற்றவர்கள் தலையசைக்கும்போது தாமும் தலையசைக்கும் பெரியவர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள்.

செல்வத்தை எவ்வழியில் ஈட்டினோம், எவ்வழியில் செலவிட்டோம் என்று மறுமையில் வினவப்படுவோம் என்னும் நபிமொழி திர்மிதீயில் இடம்பெற்றுள்ளது. அந்த வினாவை இம்மையிலேயே நமக்கு நாமே கேட்டுக்கொள்ளும் தெளிவையும், நம்மை வளர்த்தவர்களின் தேவையை அவர்கள் சொல்லுமுன் அறியும் உள்ளத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.