விடியற்காலை மூன்று மணி

கூலிம் ஹைடெக் பூங்கா 1996-இல் திறக்கப்பட்டது. எங்கள் லூனாஸ் வட்டாரப் பிள்ளைகள் பலருக்கு எஸ்.பி.எம். முடிந்ததும் அடுத்த முகவரி அதுதான். தமிழ்ப்பள்ளியில் என் பக்கத்தில் அமர்ந்திருந்தவனும் அங்கே ஒரு சில்லுத் தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிஃப்ட் வேலைக்குச் சேர்ந்தான். கண்ணுக்கே தெரியாத கீறலையும் கேமரா காட்டிக்கொடுத்துவிடும் என்று பெருமையாகச் சொல்வான்.

சென்ற ஆண்டு ஒருநாள், விடியற்காலை மூன்று மணி இடைவேளையில், வாட்ஸ்அப் ஸ்டேட்டசில் எழுதியிருந்தான்: "இனிமே யாருக்கும் தொல்லை இல்ல. போதும்லா." விடுதியில் விழித்திருந்த நான் பார்த்தேன். ஓவர்டைம் அலுப்பு என்று எண்ணித் தூங்கிவிட்டேன். முப்பத்தொரு பேர் பார்த்ததாக அவனே பின்னர் சொன்னான். ஒருவரும் கேட்கவில்லை.

காலை எட்டரைக்கு அவன் அம்மா அழைத்தார். "ஐயா, தம்பி கம்பெனி பஸ்ல வரலியே, உங்கிட்ட ஏதும் சொன்னானா?" எனக்குக் கைகால் நடுங்கியது. தோட்டத்துப் பழைய கோயில் திண்ணையில், சீருடையோடு அமர்ந்திருந்தவனை அவன் மாமா கண்டுபிடித்தார். அதில் என் பங்கு எதுவுமில்லை.

பிறகுதான் தேடிப் படித்தேன். தற்கொலை எண்ணம் தெரியும் பதிவுகளைக் கணினியே கண்டறியும் முறையை 2017 நவம்பரில் பேஸ்புக் பல நாடுகளுக்கு விரிவுபடுத்தியது. வேடிக்கை என்னவென்றால், "நலமா?", "நான் உதவட்டுமா?" என்று நண்பர்கள் இடும் பின்னூட்டங்களையும் அது அறிகுறியாகக் கொண்டது. நாம் கேட்டால்தான் இயந்திரத்துக்கும் தெரியும்! வாட்ஸ்அப் செய்திகளோ பூட்டப்பட்டவை. நிறுவனமே படிக்க முடியாது. படித்தாலும், நம் "போதும்லா"வில் சலிப்பு எது, விடைபெறுதல் எது என்று அதற்குப் புரிந்திருக்குமா? ஒரே பெஞ்சில் ஆறாண்டு இருந்த எனக்கே புரியவில்லையே.

மருத்துவமனைக்கு அழைத்துப் போக அத்தை தயங்கினார். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆவது சட்டப்பிரிவு 2023-இலேயே நீக்கப்பட்டதை விளக்கிய பின்னரே சம்மதித்தார். எத்தனை வீடுகளுக்கு இச்செய்தி போய்ச் சேர்ந்திருக்கும்? 24 மணி நேரமும் செவிமடுக்கும் பிஃபிரெண்டர்ஸ் எண்ணை (03-7627 2929) அவன் கைப்பேசியில் பதிந்து கொடுத்தேன். என்னுடையதிலும் பதிந்துகொண்டேன்.

இப்போது சிகிச்சை பெறுகிறான். பகல் ஷிஃப்டுக்கு மாறிவிட்டான். தினமும் இரவு எட்டுக்கு "சாப்டியாடா?" என்று அனுப்புகிறேன். நேற்று ஒன்பதாகியும் பதிலில்லை. அழைத்தேன்.

"போன் லாக்கர்ல இருந்துச்சுடா, அதுக்குள்ள ஏழு மிஸ்டு காலா?" என்று திட்டினான்.