74-ஆம் எண் வீட்டின் பின்வாசல்

ஈப்போவில் வெள்ளைக் காப்பி குடித்துவிட்டு மெங்லெம்பு, லாஹாட் வழியாகப் போனால் அரை மணி நேரத்தில் பாப்பான். மலாயில் 'பலகை' என்று பொருள். ஈயத்தால் வாழ்ந்த ஊர். இப்போது பிரதான சாலையில் பாழடைந்த கடைவீடுகள். நான் தேடி வந்தது 74-ஆம் எண் வீட்டை.

ஜப்பான்காரர்கள் வந்தபோது, ஈப்போவில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் ஏ.சி. கார்த்திகேசுவின் குடும்பம் இங்கே குடிவந்தது. அவர் மனைவி சிபில், மேடானில் பிறந்த யுரேசியப் பெண், தாதி. கான்டனீஸ் சரளமாகப் பேசுவார். பகலில் ஊராருக்கு வைத்தியம். இரவில், ஜப்பானியரை எதிர்த்துக் காட்டிலிருந்து போரிட்ட கெரில்லாக்கள் காயத்தோடு பின்வாசலுக்கு வருவார்கள். சிபில் குண்டை எடுத்து, கட்டுப்போட்டு அனுப்புவார். லண்டன் செய்தி கேட்க வீட்டில் ஒரு வானொலியும் ஒளிந்திருந்தது. அதற்கு 'ஜோசபின்' என்று ரகசியப் பெயர்.

1943-இல் கெம்பெத்தாய் அவரைப் பிடித்தது. சித்திரவதையில் நடக்கும் சக்தி போயிற்று. சின்ன மகளை மரத்தில் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டி மிரட்டியும், அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. போருக்குப் பிறகு சிகிச்சைக்காக பிரிட்டன் சென்றார். ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. 1948 ஜூன் 12-ஆம் தேதி ஸ்காட்லாந்தில் காலமானார். மறு ஆண்டு உடலை ஈப்போவுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

அவர் இறந்த நான்காம் நாள், இதே பேராக்கின் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் வந்தது. நேற்றைய கெரில்லா இன்றைய எதிரியானான்.

என் பாட்டி அந்தப் பக்கத்துத் தோட்டத்தில்தான் பால் மரம் வெட்டினார். மரவள்ளிக்கிழங்கு தின்றதையும், சயாம் ரயில் வேலைக்குப் போய்த் திரும்பாத அண்ணனையும் ஓயாமல் சொல்வார். காட்டுக்காரர்களைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அதெல்லாம் எதுக்குய்யா?" என்று எழுந்து போய்விடுவார். சிபிலைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசாததற்கும் அந்தப் பயமே காரணமாக இருக்கலாம்.

ஈப்போ ஃபேர் பார்க்கில் அவர் பெயரில் ஒரு சாலை உண்டு. பல முறை அதில் போயிருக்கிறேன். யார் என்று கேட்டதில்லை. அடுத்த முறை ஈப்போ போனால், சாப்பாட்டுக் கடைகளோடு திரும்பிவிடாமல் பாப்பானுக்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். முன்வாசலில் படம் எடுத்த பிறகு, பின்பக்கமும் ஒரு நடை போய்ப் பாருங்கள்.