கேட்கத் தெரியாத கேள்வி

தோட்டப் பள்ளி ஆசிரியைகள் நால்வர் சேர்ந்து கடைக்குச் சாப்பிடப் போனார்கள் என்றால், அதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால், அன்று நான் செய்த தவறு இரண்டு வாரம் என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. இருபத்து மூன்று ஆண்டுகளாகப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டே பிழைக்கும் எனக்கு, ஒரு கேள்வியை ஒழுங்காகக் கேட்கத் தெரியவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

கோலசிலாங்கூர் வட்டாரத்தில், செம்பனை மரங்களுக்கு நடுவே இருக்கிறது எங்கள் தமிழ்ப்பள்ளி. ஓய்வு நேரத்தில் நாங்கள் நால்வர் ஒரே மேசையில் உட்காருவோம். நான், கணக்கு டீச்சர், மலாய்மொழி கற்பிக்கும் மலாய் ஆசிரியை, பிறகு எங்கள் மூத்த டீச்சர். அவரை நாங்கள் எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். மலாய் ஆசிரியைக்கும் அவர் "அக்கா"தான்.

அக்கா சைவம். பிறவிச் சைவம் அல்ல. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் கணவருக்குச் சிறுநீரகக் கோளாறு வந்தபோது, "இவர் பிழைத்தால் இனி மீன், இறைச்சி, முட்டை எதையும் தொடமாட்டேன்" என்று முருகனுக்கு வேண்டிக்கொண்டார். எட்டு மாதத்தில் அவர் கணவர் போய்விட்டார். வேண்டுதலை அக்கா விடவில்லை. ஒருமுறை கணக்கு டீச்சர் வாய் தவறிக் கேட்டுவிட்டார். அதற்கு அக்கா, "பலிச்சுதா இல்லையான்னு கணக்குப் பார்க்கிறதுக்கா வேண்டிக்கிட்டேன்?" என்றார். அதன்பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

அந்த அக்காவுக்குப் பணி ஓய்வு நெருங்கியது. பள்ளியில் நடக்கும் பிரியாவிடை வேறு. நாங்கள் மூவரும் தனியாக ஒரு விருந்து கொடுக்க விரும்பினோம். கிள்ளானில் வாழையிலைச் சாப்பாடு என்று மனத்துக்குள் முடிவே செய்துவிட்டோம். ஒரு மரியாதைக்கு, "எங்கே போகலாம், அக்கா?" என்று கேட்டோம். அவர் சற்று வெட்கப்பட்டு, "கொரியாக்காரங்க கடைக்குப் போகலாமா?" என்றார்.

காரணம் இருக்கிறது. கணவர் போன பிறகு, தூக்கம் வராத இரவுகளில் அக்காவுக்குத் துணையாக இருந்தது தொலைக்காட்சிதான். கொரிய அரண்மனைச் சமையற்கட்டில் வளர்ந்து வைத்தியச்சியான ஒரு பெண்ணின் கதை, 2003இல் அந்த நாட்டில் ஒளிபரப்பாகத் தொடங்கிய "தே சாங் கும்". அதை மலாய் எழுத்துகளைப் படித்தபடியே இரண்டு தடவை பார்த்திருக்கிறார். "அந்த ஊர்ப் பிள்ளையும் அப்பாவை அப்பான்னுதான் கூப்பிடுது. அம்மாவை ஒம்மாங்குது. அவங்க சாப்பாட்டையும் ஒருநாள் பார்த்திடணும்" என்றார்.

கொரியர்கள் நம் நாட்டுக்குப் புதியவர்கள் அல்லர். 1982இல் அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர் கிழக்கை நோக்கும் கொள்கையை அறிவித்தார். ஜப்பானையும் தென்கொரியாவையும் பார்த்துக் கற்றுக்கொள்வோம் என்பது அதன் கருத்து. 1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தைக் கட்டியது கொரியாவின் ஹூண்டாய் நிறுவனம். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தில் ஒன்றைக் கட்டியவர்களும் கொரியர்களே. வேலைக்கு வந்தவர்களோடு குடும்பங்கள் வந்தன. அவர்களோடு சமையலும் வந்தது. அம்பாங்கில் கொரியக் கடைகள் ஒரு வரிசையாகவே இருக்கின்றன. இப்போது பேரங்காடிகளிலும் வந்துவிட்டன.

கணக்கு டீச்சரின் காரில் கிள்ளான் பக்கம் உள்ள ஒரு பேரங்காடிக்குப் போனோம். வாசலிலேயே ஹலால் சான்றிதழ் மாட்டியிருந்தது. மலாய் ஆசிரியை அதைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உள்ளே நடந்தார். அவருடைய கேள்விக்கு விடை வாசலிலேயே கிடைத்துவிட்டது. ஹலால் கடையிலும் மாட்டிறைச்சி இருக்கும், மீன் இருக்கும். அக்காவுக்கு வேண்டிய விடையைத் தரும் சான்றிதழ் அங்கே இல்லை. ஆகவே, "நான் கேட்டுச் சொல்கிறேன், அக்கா. நீங்கள் கவலைப்படாதீர்கள்" என்று பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன்.

உட்கார்ந்த சிறிது நேரத்தில், நாங்கள் எதுவும் சொல்வதற்கு முன்பே, சிறுசிறு தட்டுகளில் ஆறு வகைத் தொடுகறிகள் வந்தன. முளைகட்டிய சோயா, கீரை, உருளைக்கிழங்கு, வெள்ளரிக்காய், மீன் அப்பம், நடுவில் செக்கச்செவேல் என்று கிம்ச்சி. இவற்றுக்குத் தனிக் காசு இல்லை. தீர்ந்தால் மறுபடி வைப்பார்கள். நம் வீட்டுப் பந்தியில் கூட்டும் பொரியலும் மறுபடி பரிமாறுவது போலத்தான். மீன் அப்பத்தை நான் தள்ளி வைத்தேன்.

கணக்கு டீச்சர் முன்பே அப்படிப்பட்ட கடைக்குப் போனவர். "அந்த ஊர் வழக்கப்படி, பெரியவங்க கரண்டியை எடுத்த பிறகுதான் மத்தவங்க சாப்பிடணும். அக்கா, நீங்க எடுங்க" என்றார். மூவரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தோம். அக்கா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். மாமனார், மாமியார், கணவர், மூன்று பிள்ளைகள், எல்லாருக்கும் பரிமாறிவிட்டுச் சட்டியில் மிச்சம் இருப்பதைச் சாப்பிட்டே பழகிய கை அது. கரண்டியை எடுக்கும்போது அவர் கண் கலங்கியதை நாங்கள் பார்க்காதது போல் இருந்துவிட்டோம்.

பரிமாற வந்த பையனிடம் கிம்ச்சியைக் காட்டி நான் கேட்டேன்: "இனி அடா டாகிங் தாக்?" அவன், "தாக் அடா, சிக்கு" என்றான். இறைச்சி இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றான். அக்காவுக்கென்று சொன்ன தவ்வுக் குழம்புக்கும் அதே கேள்வி, அதே பதில். "வெறும் கோசுதான், அக்கா. தைரியமாகச் சாப்பிடுங்கள்" என்றேன்.

அக்காவுக்குக் கிம்ச்சி அவ்வளவு பிடித்துவிட்டது. நீள முட்டைக்கோசை உப்பில் ஊறவைத்து, மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி சேர்த்துப் புளிக்க வைப்பது அது. "நம்ம ஊறுகாய்க்குத் தங்கச்சி" என்றார். உண்மைதான். மிளகாய் நமக்கும் பிறந்த வீட்டுச் சொத்தல்ல, அவர்களுக்கும் அல்ல. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கப்பலில் இந்தியக் கரைக்கு வந்தது. அந்த நூற்றாண்டின் கடைசியில்தான் கொரியாவை எட்டியது என்று சொல்கிறார்கள். இரண்டு ஊரிலும் இன்று மிளகாய் இல்லாத சமையற்கட்டு இல்லை. அக்கா மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அத்தனை மகிழ்ச்சியாக அவரை நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அந்த மகிழ்ச்சியில் நானும், அவருக்குப் பரிசாகக் கொடுக்கலாம் என்று கீழ்த்தளப் பேரங்காடியில் ஒரு கிம்ச்சிப் புட்டி வாங்கினேன். வீட்டுக்கு வந்து காகிதம் சுற்றும்போதுதான் புட்டியின் முதுகைப் படித்தேன். கோசு, மிளகாய், பூண்டு என்று வந்த வரிசையில் "சோஸ் இக்கான்" என்று இருந்தது. அடுத்து "ஊடாங்". மீன் சாறும் உப்பிட்ட இறாலும்!

எனக்குக் கை நடுங்கியது. புட்டியை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். கடைக் கிம்ச்சியில் அவை இல்லாமலும் இருக்கலாம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். மறுநாள் மலாய் ஆசிரியையிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "கொரியர்கள் கிம்ச்சியில் இறால் போடுவது வழக்கம்தானே, மலாக்காவில் சிஞ்சாலோ செய்வது போல. குழம்புக்கும் நெத்திலித் தண்ணீர்தான் ஊற்றுவார்கள்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "நீ டாகிங் என்று கேட்டாய். எங்கள் மொழியில் மீனும் இறாலும் டாகிங் ஆகாதே. பையன் பொய் சொல்லவில்லை" என்றார்.

கேள்வி தவறு; விடை சரி. வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி விடை எழுதியிருந்தால் நான் முழு மதிப்பெண் கொடுத்திருக்க வேண்டும்.

அக்காவிடம் சொல்வதா, வேண்டாமா? தெரியாமல் நடந்தது, சொன்னால் அவர் மனம்தானே புண்படும் என்று ஒருநாள் தோன்றும். பன்னிரண்டு ஆண்டு நோன்பை என் அவசரம் கெடுத்துவிட்டதே என்று மறுநாள் தோன்றும். ஒரு கெட்ட எண்ணம்கூட வந்தது. புட்டியின் முதுகில் உள்ள தாளைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கொடுத்துவிடலாமா என்று! அந்த எண்ணத்தை இங்கே எழுதவே கூசுகிறது. இரண்டு வாரம் ஓய்வு நேரத்தில் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டேன்.

ஒருநாள் அவரே, "ஏம்மா, அந்தக் கிம்ச்சி புட்டியில கிடைக்குமாமே, எங்க விக்கிறாங்க?" என்றார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அக்கா கொஞ்ச நேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "தெரியாம சாப்பிட்டது சாமி கணக்கில வராதும்மா. தெரிஞ்சும் நீ ரெண்டு வாரம் பேசாம இருந்தியே, அது யார் கணக்கில வரும்?"

மூன்று நாள் அவர் எங்கள் மேசைக்கு வரவில்லை. வகுப்பறையிலேயே சாப்பிட்டார். வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் கோவிலில் விளக்கேற்றிவிட்டு வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். திங்கட்கிழமை தன் உணவுப் பாத்திரத்தோடு வந்து எதிரில் உட்கார்ந்து, "இன்னொரு தடவை போகலாம். இந்தத் தடவை நான் கேட்கிறேன்" என்றார்.

இம்முறை வேறு கடை. சிறிய கடை, அங்கும் ஹலால் சான்றிதழ் இருந்தது. அடுப்படியில் ஒரு கொரிய அம்மாள் இருந்தார். அக்கா வீட்டிலேயே ஒரு தாளில் மலாயில் எழுதிக் கொண்டுவந்திருந்தார்: இறைச்சி வேண்டாம், கோழி வேண்டாம், மீன் வேண்டாம், இறால் வேண்டாம், நெத்திலித் தண்ணீர் வேண்டாம், முட்டை வேண்டாம். அந்தத் தாளை இரண்டு கையாலும் நீட்டினார். அந்த அம்மாளும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பெரியவர்களிடம் கொடுக்கல் வாங்கல் அப்படித்தான் என்பது அவர்கள் ஊர் மரியாதை.

தாளைப் படித்தவர், மேசையில் இருந்த ஆறு தட்டுகளில் மூன்றை எடுத்துக்கொண்டு போனார். கிம்ச்சித் தட்டும் போயிற்று! திரும்பி வந்து, அரைகுறை மலாயில், தம் நாட்டுப் புத்த மடங்களில் துறவிகள் மீனும் இறாலும் சேர்க்காமலே கிம்ச்சி செய்வார்கள் என்றும், பூண்டு, வெங்காயம்கூட அவர்கள் தொடமாட்டார்கள் என்றும் சொன்னார். தம் கடையில் இருப்பது அது இல்லை என்று வருத்தப்பட்டார். பிறகு சூடான கற்கிண்ணத்தில் பிபிம்பாப் கொண்டுவந்தார். கலந்த சோறு என்று பொருள். வழக்கமாக அதில் மாட்டிறைச்சியும் முட்டையும் இருக்கும். அக்காவுக்கு அவை இல்லாமல், காய்களும் கீரையும் மிளகாய் விழுதும் மட்டும். அடியில் பிடித்த சோறு மொறுமொறு என்று இருந்தது. அக்கா அதைச் சுரண்டிச் சுரண்டிச் சாப்பிட்டார். கேட்கக் கூச்சப்பட்டது நான்தான். பதில் சொல்ல அந்த அம்மாள் கொஞ்சமும் சலித்துக்கொள்ளவில்லை.

அக்கா ஓய்வு பெற்று இப்போது மகன் வீட்டில் இருக்கிறார். கொரியாவில் குளிர்காலத்துக்கு முன் வீட்டாரும் அண்டை அயலாரும் கூடிக் கிம்ச்சி போட்டுப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் உண்டு. கிம்ஜாங் என்ற அந்த வழக்கத்தை 2013இல் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. இதை அக்காவிடம் சொல்லியிருந்தேன். சென்ற மாதம் அவர் மருமகள் வழியாக எங்கள் மூவருக்கும் ஆளுக்கொரு புட்டி வந்து சேர்ந்தது. அவரே போட்ட கிம்ச்சி. முதுகில் ஒரு தாள் ஒட்டி, கரும்பலகையில் எழுதும் அதே முத்து முத்தான எழுத்தில் எழுதியிருந்தார்: "கோசு, உப்பு, மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, முள்ளங்கி. வேறு ஒன்றும் இல்லை. நம்பிச் சாப்பிடலாம்."

நண்பர்களோடு வெளியே சாப்பிடப் போகும் சகோதரிகளுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் மேசையில் நோன்பு உள்ளவர் ஒருவர் இருந்தால், அவருக்காக நீங்கள் கேட்கும் கேள்வியை முழுதாகக் கேளுங்கள். தவறிவிட்டால், அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நான் வாங்கிய அந்தப் பழைய புட்டி, தாளோடு அப்படியே என் அலமாரியில் இருக்கிறது. அதைத் திறக்கவும் மனம் வரவில்லை, தூக்கி எறியவும் மனம் வரவில்லை.