கால் வெட்டுப்பட்ட நாரை

ஓய்வு பெற்ற பிறகு மகன் வாங்கிக் கொடுத்த கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊசுட்டேரிக்குப் போய்வருகிறேன் என்று முன்பே எழுதியிருக்கிறேன். புதுச்சேரியிலிருந்து மேற்கே பத்து கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கும். ஏரியில் ஒரு பகுதி நம்முடையது, மறு பகுதி தமிழ்நாட்டுடையது. 2008-இல் நம் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். மார்கழி, தை மாதங்களில் காலையில் போனால் கண்ணுக்கு விருந்துதான்.

முதல் ஒரு வருடம் நான் எடுத்த படங்களை உறவினர், நண்பர் எல்லோருக்கும் அனுப்பினேன். எல்லோரும் ‘சூப்பர்’ என்றார்கள். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் வந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் என் படங்கள் மட்டும் அப்படியேதான் இருந்தன.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். எண்பது வயது தாண்டியவர். ஒரு காலத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தவர், இருட்டறையில் பிலிம் கழுவியே விரல் நகமெல்லாம் பழுப்பேறிப் போனவர். ஒருநாள் பத்துப் படங்களைப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். முதல் படம் மஞ்சள் மூக்கு நாரை. வெகுநேரம் பார்த்தார். நல்லது, கெட்டது எதுவும் சொல்லவில்லை.

“இதுல என்னை எதைப் பார்க்கச் சொல்றீங்க தம்பி?” என்று கேட்டார்.

“வால் பக்கம் இருக்கிற அந்த ரோஜா நிற இறகு அண்ணே” என்றேன்.

“நல்லா இருக்கு. அது தெரியறதுக்கு ஏத்த மாதிரி பக்கவாட்டுல நின்னு எடுத்திருக்கீங்க. ஆனா உடம்பைப் பாருங்க, சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி இருக்கு. அந்த வெளுப்புல ரோஜா நிறமும் பாதி கரைஞ்சு போச்சு.”

காரணத்தையும் அவரே சொன்னார். பின்னால் இருந்த கருவேல மரங்களின் இருட்டைப் பார்த்து கேமரா ஏமாந்துபோய், வெளிச்சத்தைக் கூட்டிவிட்டதாம். கூட்டல், கழித்தல் குறி போட்ட பொத்தானைக் கழித்தல் பக்கம் கொஞ்சம் திருப்பினால் இறகு இறகாகத் தெரியும் என்றார். மறுவாரம் திருப்பினேன். தெரிந்தது!

இப்படியே ஒவ்வொரு வாரமும் ஒரு பாடம். நீலத் தாழைக்கோழியை உச்சி வெயிலில் எடுத்தால் கறுப்புக் கோழியாகத்தான் விழும். காலை வெயில் நம் முதுகில் படும்படி நின்றால் நீலமும் ஊதாவும் பச்சையும் தனித்தனியே வரும். கண் தெளிவாக இல்லாவிட்டால் மற்றது எவ்வளவு தெளிவாக இருந்தும் பயனில்லை. கரையில் நின்றபடி எடுக்காமல் உட்கார்ந்து எடுத்தால் பறவை நமக்குச் சமமாக நிற்கும். பறக்கும்போது எடுக்க நொடியில் 1/1000 பங்காவது வேகம் வேண்டும். நாரையின் அழகே அதன் கால்தான், அதைப் பாதியில் வெட்டிவிடக் கூடாது. ஒரு நாளில் ஒரு குறைக்கு மேல் அவர் சொன்னதே கிடையாது. “மொத்தமா சொன்னா எதைத்தான் திருத்துவீங்க?” என்பார்.

நான் படித்ததோ பிரெஞ்சுப் பள்ளி. வாத்தியார் ‘திக்தே’ சொல்லுவார், நாங்கள் எழுதுவோம். ஐந்து பிழை இருந்தால் இருபதுக்குச் சுழி. தாள் முழுக்கச் சிவப்பு மை. சரியாக எழுதிய நூறு சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை வராது. பிறகு அலுவலகத்தில் நானும் முப்பது வருடங்கள் அடுத்தவர் எழுதிய வரைவில் பிழை பார்த்தே காலம் தள்ளினேன். அந்தப் புத்தி எளிதில் போகுமா?

போகவில்லை. என் மகன் குடும்பம் பிரான்சில், மோன்பெலியே நகரில் இருக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், ரோன் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் கமார்க் என்ற சதுப்பு நிலம். பூநாரைகள் ஆயிரக்கணக்கில் கூடும் இடம். நம் பக்கம் வருகிற பெரிய பூநாரையும் அதே இனம்தான். பன்னிரண்டு வயதுப் பேரன் அங்கே ஒரு படம் எடுத்து அனுப்பினான். நான் பதில் எழுதினேன்: ஒன்று, நீர்க்கோடு சாய்ந்திருக்கிறது. இரண்டு, இடது ஓரத்துப் பறவைக்குத் தலை இல்லை. மூன்று, நடுவில் நிற்பது சாம்பல் நிறமாக இருக்கிறது, நல்ல நிறமுள்ள பறவையாகப் பார்த்து எடுத்திருக்கலாம். உதவி செய்ததாகத்தான் நினைத்தேன். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவனிடமிருந்து ஒரு படமும் வரவில்லை. மகனிடம் கேட்டேன். “கேமராவைத் தொடறதே இல்லப்பா” என்றான்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஸ்டுடியோக்காரர் என்னிடம் முதலில் கேட்ட கேள்வியை நான் பேரனிடம் கேட்கவே இல்லையே!

மறுநாள் எழுதினேன். “கண்ணா, அந்தப் படத்தில் தாத்தாவை எதைப் பார்க்கச் சொன்னாய்?”

மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. “அந்தச் சாம்பல் நிறப் பறவையைத்தான் தாத்தா. அது குட்டி. எல்லாரும் ரோஜா நிறம், அது மட்டும் இல்லை. அதனால்தான் எடுத்தேன்.”

உண்மைதான். பூநாரைக் குஞ்சு பிறக்கும்போது ரோஜா நிறமாக இருக்காது. உண்கிற பாசியிலும் சிறு இறாலிலும் உள்ள நிறம் உடம்பில் ஏறி, அது முழு அழகுக்கு வரச் சில வருடங்கள் ஆகும். இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும் பையன் காட்ட நினைத்ததையே பிழை என்று குறித்துவிட்டேன்.

மன்னிப்புக் கேட்டேன். கூட்டத்தில் அந்த ஒன்றைக் கண்டுபிடித்த அவன் கண்ணைப் பாராட்டினேன். ஒரே ஒரு யோசனை மட்டும் சொன்னேன்: அடுத்த முறை கரையில் உட்கார்ந்துகொண்டு எடுத்துப் பார்.

போன ஞாயிற்றுக்கிழமை மூன்று படங்கள் வந்தன. உட்கார்ந்துதான் எடுத்திருக்கிறான், குட்டியின் கண் பளிச்சென்று இருக்கிறது. இரண்டில் நீர்க்கோடு இன்னும் சாய்ந்துதான் இருக்கிறது. இருக்கட்டும், அதை அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம்.