நாரி உளைவும் ஒரு சித்தாலேபப் போத்திலும்

தலையிடியோ, தடிமனோ, நாரி உளைவோ, எங்கட வீடுகளில முதல் மருந்து சித்தாலேபதான். ஹொஸ்டலுக்கு வெளிக்கிடேக்கையும் அம்மாக்கள் பையின்ர மூலையில ஒரு சின்னப் போத்திலை வச்சுவிடுவினம். பரீட்சைக் காலத்தில எங்கட அறைகள் முழுக்க அந்த மணம்தான்.

இப்படியான பாம்களைப் பூசினதும் குளிருது. ஆனால் தோல் உண்மையில் குளிர்வதில்லை. குளிரை உணரும் நரம்பு வாங்கியை மெந்தோல் தூண்டிவிட, மூளை அதைக் குளிர் என்று நம்புகிறது. 2021இல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும் மெந்தோலைக் கொண்டுதான் அந்த வாங்கியை அடையாளம் கண்டார்கள்.

வலி அங்கேயேதான் இருக்கு. மூளையின்ர கவனத்தை அந்தக் குளிர் கொஞ்சம் இழுத்தெடுக்குது. படிச்சுக் களைச்ச கழுத்துக்கு அது போதும். மாசக்கணக்கா நாரி உளைஞ்சும் "ஒண்டுமில்லை, பூசினாச் சரி" என்று சொல்லுற அம்மாக்களுக்குப் போதாது. கிளினிக்குக்குப் போனா ஒரு நாள் போயிடும், சமையலை ஆர் பாக்கிறது என்பதுதான் அவையின்ர கணக்கு.

பூசிவிடுவம். பூசிக்கொண்டே, எவ்வளவு நாளா உளையுது எண்டும் கேப்பம். கிளினிக் நாளில சமையலை நாங்கள் பாப்பம்.