கம்பத்திலிருந்து வீடு வரை

ஜூன் 3, 2025, செவ்வாய்

இரவு பதினொன்றரை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துதான் இன்றைய வேலையை அனுப்பி முடித்தேன். இந்த வருஷம் மே 24-ஆம் தேதியே கேரளத்தில் பருவமழை தொடங்கிவிட்டது. அதனால் எங்கள் பக்கம் சாரலும் முன்கூட்டியே வந்துவிட்டது. மடிக்கணினி நனையாமல் என் மகன் குடை பிடித்துக்கொண்டு நின்றான். காலையில் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளை.

தென்காசிக்கும் கடையத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே எங்கள் ஊர். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் சென்னை வீட்டைக் காலி செய்துவிட்டு வந்தோம். எட்டு மாதம் ஆகிறது. மருத்துவமனைக் கோப்புகளைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியெண்களைப் போடுகிற மெடிக்கல் கோடிங் என் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம் என்று அலுவலகம் ஒத்துக்கொண்டது. நேற்று ஒரு கடிதம் வந்தது. ஜூன் 30-க்குள் வீட்டுக்கென்று தனி இணைப்பு வேண்டும், இறக்கத்திலும் (டவுன்லோட்) ஏற்றத்திலும் (அப்லோட்) 20 எம்பிபிஎஸ் வேண்டும், செல்போன் ஹாட்ஸ்பாட் கூடாது. முடியாதென்றால் சென்னைக்கே திரும்பிவர வேண்டும்.

அப்பாவை விட்டுவிட்டுப் போக முடியாது. இருபத்தேழு நாள் இருக்கிறது. இந்த நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறேன்.

ஜூன் 5, வியாழன்

ஆளைக் கூப்பிடுவதற்கு முன்னால் நானே அளந்து பார்த்துவிடலாம் என்று தோன்றியது. இரண்டு சிம், நான்கு இடம்: திண்ணை, நடுக்கூடம், மாடி, கிணற்றடி. காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, இரவு ஒன்பது மணிக்கு ஒரு தடவை.

செல்போன் அமைப்புகளுக்குள் போனால் சிம் நிலவரம் என்ற பகுதியில் சிக்னல் அளவு டிபிஎம் கணக்கில் தெரிகிறது. மைனஸ் எண். நடுக்கூடத்தில் மைனஸ் 112, மாடியில் மைனஸ் 94. பதினெட்டுதானே வித்தியாசம் என்று விட்டுவிடக் கூடாது. இந்தக் கணக்கில் பத்து குறைந்தால் பத்தில் ஒரு பங்கு என்று அர்த்தம். மாடியில் கிடைப்பதில் அறுபதில் ஒரு பங்குதான் கூடத்துக்குள் வருகிறது. தாத்தா கட்டிய வீடு, சுவர் ஒன்றரை அடி.

மாடியில் காலை ஆறு மணிக்கு இறக்கம் 22 எம்பிபிஎஸ். அதே இடத்தில் இரவு ஒன்பதுக்கு 3. ஏற்றம் ஒன்றைத் தொடவில்லை. சுற்றுவட்டாரத்து ஊர்கள் எல்லாம் ஒரே ஒரு டவரைத்தான் நம்பியிருக்கின்றன. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லார் வீட்டிலும் செல்போன் ஓடும்.

ஏற்றத்தைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. விளம்பரத்தில் வருவதெல்லாம் இறக்கத்தின் வேகம். 200 எம்பி கோப்பை 20 எம்பிபிஎஸ்ஸில் அனுப்ப 80 விநாடி போதும், எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட் என்பதால். ஒரு எம்பிபிஎஸ் என்றால் அதே கோப்புக்கு 27 நிமிஷம். என் வேலை முழுக்க அனுப்புகிற வேலை.

ஜூன் 8, ஞாயிறு

செயற்கைக்கோள் வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்குக்கு இந்தியாவில் உரிமம் கிடைத்துவிட்டது என்ற செய்தியை மகன் கொண்டுவந்தான். அதையே வாங்கிவிடலாமே என்கிறான். பழைய செயற்கைக்கோள்கள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பவை. போய்வரும் தூரத்திலேயே ஏறத்தாழ அரை விநாடி தாமதமாகிவிடும், எதிர்முனையில் இருப்பவர் பேச்சோடு நம் பேச்சு மோதும். இது 550 கிலோமீட்டரில் சுற்றுவதால் அந்தத் தொல்லை இல்லை. மலைமேல் இருக்கும் காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்கு இதுபோல ஒன்று வந்தால் பெரிய உதவி. ஆனால் உரிமம் மட்டும்தான் கொடுத்திருக்கிறார்கள், விற்பனை தொடங்கவில்லை. ஜூன் 30-க்குள் எனக்கு ஆகாது.

ஜூன் 12, வியாழன்

ஏர்ஃபைபர் என்கிற காற்றலை இணைப்பு. 2023 ஆகஸ்டில் ஏர்டெலும் செப்டம்பரில் ஜியோவும் தொடங்கியது. மாடியில் ஒரு பெட்டியை மாட்டினால் அது டவரிலிருந்து 5ஜி அலையை வாங்கி, ஒயர் வழியாக வீட்டுக்குள் இறக்கிவிடும். தெருவில் கேபிள் இழுக்க வேண்டாம். பின்கோடைப் போட்டுப் பார்த்தேன், 'உங்கள் பகுதியில் கிடைக்கும்' என்று வந்தது.

இந்த வகை இணைப்பு போட்டுக்கொடுக்கும் தம்பி ஒருவர் பாவூர்சத்திரத்திலிருந்து வந்தார். மாடியின் நான்கு மூலையிலும் பெட்டியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். டவர் இருக்கிற திசையில் எங்கள் தென்னந்தோப்பு, அதைத் தாண்டிப் புளியமரங்கள். 5ஜி அலை இலைத்திரளைக் கண்டால் சோர்ந்துபோகும், நனைந்த இலை என்றால் இன்னும் மோசம். "இன்னிக்குப் போட்டுக் குடுத்துட்டுப் போயிருவேன்க்கா, ஆடிக்காத்துல மட்டை ஆடும்போது நீங்கதான் கஷ்டப்படுவீங்க" என்றார். விற்பனை கைவிட்டுப் போகும் என்று தெரிந்தும் உண்மையைச் சொன்ன பிள்ளை. மோர் கொடுத்து அனுப்பினேன்.

ஒரு பின்கோடுக்குள் எத்தனையோ ஊர்கள் வரும். பின்கோடுக்குக் கிடைப்பது நம் மாடிக்குக் கிடைக்கும் என்று இல்லை. பெட்டியைக் கொண்டுவந்து பிடித்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

ஜூன் 16, திங்கள்

இன்று முழுக்க நடந்தேன். அதுதான் இந்த மாதத்தில் உருப்படியாகச் செய்த வேலை.

ஊருக்குள் ஃபைபர் கேபிள் கொண்டுவருகிறவர்கள் இரண்டு பேர். விலை குறைவாகத் தருகிறவர் ஒருவர், கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறவர் ஒருவர். இருவருடைய நோட்டீஸையும் ஓரமாக வைத்துவிட்டு, ஏற்கெனவே இணைப்பு வாங்கியவர்கள் வீட்டுக்குப் போனேன். எல்லாரிடமும் ஒரே கேள்வி: கடைசியாக எப்போது அறுந்தது, சரியாக எத்தனை நாள் ஆனது?

பால் சொசைட்டியில் கணக்கு எழுதும் அண்ணாச்சி முதலாமவரிடம் வாங்கியிருக்கிறார். பங்குனிக் கொடையின்போது சப்பரம் போக வழிவிட்டுக் கேபிளைத் தூக்கிக் கட்டினார்களாம், அதில் அறுந்தது. சரிபண்ண ஆள் வந்தது பதினொன்றாம் நாள். "போன் பண்ணுனா எடுப்பாங்க தாயி, இந்தா வாரோம்பாங்க, வரமாட்டாங்க" என்றார். ஆள் இருப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளி. இரண்டாமவரிடம் வாங்கிய டெய்லர் அக்கா வீட்டில் மூன்று தடவை அறுந்திருக்கிறது. மூன்று தடவையும் அன்றைக்கே ஆள் வந்திருக்கிறார், ஏனென்றால் லைன்மேன் வீடு கீழத்தெருவில். அறுந்த கணக்கை மட்டும் பார்த்தால் முதலாமவர் மேல். கண்ணாடி இழை காற்றிலும் அறும், அணில் கடித்தும் அறும். அதைக் கட்ட வருகிற கை எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் நான் முடிவெடுப்பேன்.

லைன்மேன் தம்பியையே கூட்டிக்கொண்டு கேபிள் வருகிற வழி முழுக்க நடந்தேன். டவுன் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒரு கண்ணாடி இழை புறப்படுகிறது. அதில் விநாடிக்கு 2.5 ஜிகாபிட் இறங்குகிறது. வழியில் ஸ்ப்ளிட்டர் என்ற சிறிய பெட்டியில் அது எட்டு, பதினாறு என்று கிளை பிரிந்து, 32 அல்லது 64 வீடுகளுக்குப் போகிறது. டவரைப் பல ஊர்கள் பங்குபோடுகின்றன, இங்கே ஓர் இழைக்கு அறுபத்துச் சொச்சம் வீடுதான். இரவு ஒன்பது மணிக்கும் வேகம் நிற்பதற்கு அதுதான் காரணம்.

கிளை பிரியப் பிரிய ஒளி குறையும். ஒவ்வொரு ஒட்டிலும், கூர்மையாக மடங்கும் ஒவ்வொரு இடத்திலும் இன்னும் கொஞ்சம் குறையும். கோயில் முக்குக் கம்பத்துப் பெட்டியைத் திறந்து மீட்டரைச் செருகிக் காட்டினார்: மைனஸ் 21 டிபிஎம். வீட்டு மோடத்துக்கு வரும்போது மைனஸ் 27-க்குக் கீழே போனால் தாங்காதாம். பெட்டியிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஐந்து கம்பம். பிரச்சினை இல்லை.

கம்பங்கள் குளத்தங்கரை வரைக்கும் போய் நின்றுவிடுகின்றன. அக்கரைத் தெருவுக்கு ஏன் போகவில்லை என்று கேட்டேன். "ஒம்போது கம்பம் நடணும்க்கா. அங்க வாங்குறது மூணு நாலு வீடுதான் இருக்கும்னு மொதலாளி யோசிக்காரு" என்றார்.

இதே மாவட்டத்தில், மத்தளம்பாறையில் 2011-லேயே சோஹோ அலுவலகம் திறந்து, ஊருக்குள் உட்கார்ந்தே மென்பொருள் செய்கிறார்கள். ஒளி இவ்வளவு பக்கத்தில் வந்தும் ஒன்பது கம்பம் மிச்சம் நிற்பதை நினைக்க மனசு ஆறவில்லை.

ஜூன் 20, வெள்ளி

விலைக் கணக்கு. முதலாமவர் 399, இரண்டாமவர் 449, இரண்டும் 30 எம்பிபிஎஸ். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 470.82, 529.82. மாதத்துக்கு 59 ரூபாய், வருஷத்துக்கு 708 ரூபாய் வித்தியாசம். என் ஒருநாள் சம்பளம் அதைவிடக் கூட. பதினொரு நாள் அறுந்துகிடந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட வேண்டியதே இல்லை.

பணம் கட்டுமுன் கேட்டுத் தெரிந்துகொண்டவை: மோடம் நமக்குச் சொந்தமா, வாடகையா. மாத வரம்பைத் தாண்டினால் வேகம் எவ்வளவாகக் குறையும். ஆறு மாத முன்பணம் கட்டினால், நடுவில் நிறுத்தும்போது மீதி திரும்பக் கிடைக்குமா. ரசீது உண்டா. இரண்டாமவர் எல்லாவற்றுக்கும் எழுதியே கொடுத்தார். அப்பா கட்டிலில் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்து, "கூப்பிட்ட கொரலுக்கு வாரவன்கிட்ட வாங்கு" என்றார்.

ஜூன் 27, வெள்ளி

இணைப்பு வந்துவிட்டது. இழையின் கனம் 0.125 மில்லிமீட்டர், தலைமுடி அளவுதான். இரண்டு முனையையும் துடைத்து, வெட்டி, ஸ்ப்ளைசிங் மெஷினில் வைத்ததும் மின்பொறி உருக்கி ஒட்டுகிறது. வீட்டில் மீட்டர் காட்டியது மைனஸ் 22.4.

மோடத்தை வாசல்பக்கம் மாட்டப் பார்த்தார்கள், கேபிள் மிச்சமாகும் என்று. நான் நடுக்கூடம்தான் என்று நின்றேன். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இந்தக் கல்சுவரைத் தாண்டாது, 2.4 தட்டுத்தடுமாறித் தாண்டும். என் மேஜைக்கு மட்டும் லேன் ஒயர். மோடம் 12 வோல்ட்டில் ஓடுவதால், கரண்டு போனால் தாங்க 1,400 ரூபாயில் ஒரு மினி யுபிஎஸ். மூன்று மணி நேரம் நிற்கிறது.

இரவு ஒன்பதுக்கு அளந்தேன். இறக்கம் 29.6, ஏற்றம் 28.9. மகன் கீழே கூடத்தில் உட்கார்ந்து பாடம் பார்க்கிறான்.

ஜூலை 19, சனி

ஆடி பிறந்து மூன்றாம் நாள். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று, தேக்கங்கிளை ஒன்றை முறித்துக் கேபிள்மேல் போட்டது. மத்தியானம் மோடத்தில் சிவப்பு விளக்கு. ஒளி வரவில்லை என்று பொருள். போனில் புகார் சொல்லி எண்ணை வாங்கிக் குறித்துக்கொண்டேன். பழகின ஆள் என்றாலும் புகார் எண் வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் (டிராய்) 2012-ஆம் வருஷத்து விதிப்படி புகார் மையம் சரிசெய்யாவிட்டால் அதற்குமேல் மேல்முறையீட்டு அதிகாரி உண்டு, அவரிடம் போகும்போது கேட்பது அந்த எண்ணைத்தான்.

மூன்று மணி நேரத்தில் லைன்மேன் தம்பி மழையோடு வந்து ஒட்டிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கிராம சபை. போன மாதம் அக்கரைத் தெருவிலிருந்து ஒரு பெண்பிள்ளை பொறியியல் கலந்தாய்வுக்காக மூன்று நாளும் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தாள். கல்லூரி விருப்பங்களைப் பதிய அந்த மூன்று நாள்தான் அவகாசம். அவள் வீட்டில் சிக்னல் இல்லை. இரவு எட்டு மணிக்கு அவள் அம்மா டார்ச் லைட்டோடு வந்து குளத்தங்கரை வழியாகக் கூட்டிக்கொண்டு போவார். இன்று அந்த அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன்.

ஒவ்வொரு ஊராட்சிக்கும் கண்ணாடி இழை கொண்டுபோகும் திட்டம் 2011-இல் ஒப்புதல் பெற்று, 2015-இல் பாரத்நெட் ஆனது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்காக டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய்க்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திருத்தத் திட்டத்தில், ஊராட்சித் தலைமை ஊர் அல்லாத சுமார் 3.8 லட்சம் கிராமங்களுக்கும் கேட்டால் இணைப்பு என்று இருக்கிறது. கேட்டால் என்ற சொல்லைத்தான் நான் சபையில் இரண்டு தடவை படித்தேன். அக்கரைத் தெருவுக்கும் அங்குள்ள அங்கன்வாடிக்கும் இணைப்பு வேண்டும் என்று தீர்மானம் எழுதினார்கள். அந்த அம்மா முதல் கையெழுத்துப் போட்டார்.

உங்கள் ஊரில் கம்பம் எந்த வீட்டோடு நின்றுவிடுகிறது என்று ஒரு நாள் நடந்து பாருங்கள். அதற்கு அப்பால் இருக்கிற வீடுகளுக்காக அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள்.